கடைசிக் கச்சேரிக்குப் போவதா, வேண்டாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராக் இசைக்குழுக்களின் பிரியாவிடை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சில மாதங்களாகத் தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த இசைக்கு இத்தனை ரசிகர்களா என்று ஆசிரியர் குழுவில் சிலர் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் பிடித்துப் பழகி, திருவிழா நாட்களில் கானமேளா மேடைக்குப் பின்னால் நின்று டிரம்ஸ் வாசிப்பவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், பிற்பாடு எந்த இசையைத் தேடிப் போவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கேள்வி: என் அக்காள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செவிலியராக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, உண்மையில் 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் நடந்த பிளாக் சபாத் குழுவின் கடைசி நிகழ்ச்சிக்காகவே போனேன். துணைக்கு அத்தானையும் இழுத்துக்கொண்டேன். பகலெல்லாம் வேறு குழுக்கள் வாசித்தன. இரவில் பிளாக் சபாத்தின் பாடகர் ஆசி ஆஸ்போர்ன் முதலில் தம் சொந்தக் குழுவோடு ஐந்து பாடல்களும், பிறகு பிளாக் சபாத்தின் பழைய நண்பர்கள் மூவரோடு சேர்ந்து நான்கு பாடல்களும் பாடினார். முழு நேரமும் ஒரு கறுப்பு அரியணையில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாட்களில் இறந்துபோனார். ஊருக்கு வந்ததும் "நாலு பாட்டுக்கா இவ்வளவு காசு?" என்று பெரியப்பா கேட்டது எனக்கு உறைக்கவில்லை. எழுந்து நிற்க முடியாத ஒருவரை உட்காரவைத்துப் பாடச் சொல்லி, நாங்கள் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிக்கொண்டிருந்தோமே, அது சரிதானா ஐயா? (கருங்கல் வாசகர்)

பதில்: பெரியப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் போனது நான்கு பாட்டுக்காக அல்ல என்பது அவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்கிறார். அந்தக் கணக்கில் விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்விதான் கடினமானது. ஆஸ்போர்ன் தமக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் இருப்பதை 2020-ஆம் ஆண்டிலேயே வெளியே சொன்னார். 2023-இல் இனி ஊர் ஊராகப் பயணம் செய்து பாட இயலாது என்றும் அறிவித்துவிட்டார். எனவே வில்லா பார்க்குக்கு வந்தவர்களில் எவரும் பழைய ஆஸ்போர்னை எதிர்பார்த்து வந்திருக்க முடியாது. அவரை எவரோ பிடித்து உட்காரவைத்தார்கள் என்பதைவிட, உட்கார்ந்தாவது பாடுவேன் என்று அவர் வந்தார் என்பதே அந்த இரவுக்குப் பொருந்தும் விளக்கமாக எனக்குப் படுகிறது. அந்த மைதானம் இருக்கும் ஆஸ்டன் பகுதிதான் அவர் வளர்ந்த இடம். 1968-இல் குழு உருவானதும் அதே நகரில்தான். நிகழ்ச்சியின் வருமானமும் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கான ஓர் அறக்கட்டளைக்கும், பர்மிங்காமின் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கும் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. தம் ஊரில், தம் நோயை மறைக்காமல், அதே நோய்க்காகப் பணம் திரட்டும் மேடையில் ஒருவர் பாடியதைக் கேட்டுக் கைதட்டியதில் கொடுமை எதையும் நான் காணவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இத்தனை ஆண்டுகளாக நேசித்த அந்த ஓசையே ஓர் ஊனத்திலிருந்து பிறந்தது. கிதார் வாசிப்பவரான டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் கை சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார். அழுத்துவதற்கு எளிதாக மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னாளில் தந்திகளின் சுருதியையும் கீழே இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த, இருண்ட நாதத்தில் இந்தச் சமாளிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. காயம்பட்ட கை ஒன்றின் இசையைப் பதின்ம வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ரசிகர், கடைசி நாளில் காயம்பட்ட உடல் ஒன்றைப் பார்த்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்களுடைய நீண்ட கடிதத்தில் (இங்கே சுருக்கியிருக்கிறேன்) மெதுவான பாடல் ஒன்றில் அவர் குரல் தளர்ந்தபோது மைதானமே சேர்ந்து பாடியதாக எழுதியிருந்தீர்கள். அத்தான், ஒரு வரிகூடத் தெரியாமலே வாயசைத்துக்கொண்டிருந்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். பிரியாவிடைக் கச்சேரிகளைப் பற்றி நான் நம்புவது அதுதான். அங்கே மேடையில் நடப்பது இரண்டாம் பட்சம். எதிரே கூடியிருப்பவர்களே முதன்மை. வாசிப்பின் தரம் வேண்டுமென்றால் அவர்களுடைய 1970-ஆம் ஆண்டு ஒலிப்பதிவுகள் வீட்டிலேயே கிடைக்கும். கருங்கலில் தனியாகக் காதில் மாட்டிக் கேட்ட ஒன்றை, அதே அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கும் பல்லாயிரம் பேருக்கு நடுவில் நின்று கேட்பது, எந்த ஒலிப்பதிவிலும் கிடைக்காது. அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள்.

கேள்வி: விடைபெறுகிறோம் என்று அறிவித்து, டிக்கெட் விலையை ஏற்றி விற்றுவிட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் மேடையேறுகிறார்கள். இது ரசிகனை ஏமாற்றுவது ஆகாதா? (நாகர்கோவில், கோட்டாறு வாசகர்)

பதில்: பல சமயங்களில் ஆகும். தி ஹூ குழு 1982-இல் பிரியாவிடைப் பயணம் முடித்துவிட்டு 1989-இல் மீண்டும் பயணம் புறப்பட்டது. கிஸ் குழு 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு பிரியாவிடைப் பயணத்தைத் தொடங்கியது. ஆனால் உண்மையில் அந்தக் குழு பயணங்களை முடித்துக்கொண்டது 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில்தான், அதுவும் அதே இரவில் தங்களுடைய கணினி உருவங்களைத் திரையில் அறிமுகப்படுத்திவிட்டுத்தான். ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் 2010-இல் விடைபெறுவதாக அறிவித்தது; 2025-இல் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடியது. இவர்களையெல்லாம் மிஞ்சியது மோட்லி க்ரூ. இனிப் பயணம் செய்ய மாட்டோம் என்று 2014-இல் வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்திட்டு, 2015 டிசம்பர் 31 அன்று கடைசி நிகழ்ச்சியையும் நடத்திவிட்டு, 2019-இல் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டு, 2022-இல் மறுபடியும் வந்தார்கள்! நம் ஊர்த் திருவிழாக் கொடியிறக்கம்போல, இறக்கும்போதே அடுத்த ஏற்றத்துக்கு நாள் குறித்து வைத்திருப்பார்கள் போலும்.

ஆனாலும் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடக் கூடாது. மேலே சொன்ன பிளாக் சபாத்தே 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் ஒரு முறை விடைபெற்ற குழுதான். அன்று டிரம்ஸ் வாசிப்பவரான பில் வார்ட் மேடையில் இல்லை. நான்கு பேரும் சேர்ந்து வாசித்து 2005-க்குப் பிறகு நெடுங்காலமாகியிருந்தது. 2025-இல் நால்வரும் கூடியதை, முதல் விடைபெறுதல் பொய் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். அரைகுறையாக நின்றதை முடித்துவைத்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன்.

ரஷ் குழுவின் கதை வேறு. அவர்களுடைய கடைசிப் பெரும் பயணம் 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் முடிந்தது; டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் 2020 ஜனவரியில் காலமானார். மற்ற இருவரும் அனிகா நிலெஸ் என்ற டிரம்ஸ் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு 2026-இல் பயணம் செய்யப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எழுபது வயதைத் தாண்டிய இருவர், தங்கள் நண்பரோடு உருவாக்கிய பாடல்களை இன்னொரு முறை வாசிக்க விரும்புகிறார்கள், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். "கடைசி" என்ற அறிவிப்பை நம்பித்தான் அந்த விலையைக் கொடுக்கிறீர்களா, அல்லது நாளைக்கே அவர்கள் திரும்பி வந்தாலும் இன்றைய இரவு உங்களுக்குப் போதுமா? முன்னதென்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், தனக்குப் பிடித்த வெளிநாட்டுக் குழு கடைசி முறையாகப் பெங்களூருக்கு வந்தால் போயே தீருவேன் என்கிறான். இதுவரை தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. அனுப்பலாமா? (குளச்சல் வாசகி)

பதில்: அனுப்புங்கள் அம்மா, ஆனால் தனியாக அனுப்ப வேண்டாம், இதே பைத்தியம் பிடித்த நண்பன் ஒருவனாவது அவன் வகுப்பில் இருப்பான். பெங்களூர் இந்த ரசிகர்களுக்குப் பழக்கமான ஊர். அயர்ன் மெய்டன் 2007-இலும் மெட்டாலிக்கா 2011-இலும் அங்குள்ள அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இரயிலேறிப் போனவர்கள் பலர். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில், திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோயம்புத்தூர் வழியாகச் சுற்றிக்கொண்டு பெங்களூர் போய்ச் சேரும். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாகவும் இரயில் உண்டு. எதில் போனாலும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே போய்ச் சேரும்படி முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்று காலையில் இறங்கி அன்று மாலை மணிக்கணக்கில் நிற்பது இளைஞனுக்கும் கடினம். திரும்புவதற்கு மறுநாள் இரயிலே நல்லது.

டிக்கெட்டை நிகழ்ச்சி அமைப்பாளர்கள் அறிவித்த இடத்தில் மட்டுமே வாங்க வேண்டும். "என்னிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது" என்று சமூக ஊடகத்தில் எழுதி முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். ஒரே டிக்கெட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்க முடியும். வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்பார்கள். நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றுபோவதும் உண்டு. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடக்கவிருந்த மெட்டாலிக்கா நிகழ்ச்சி, மக்கள் மைதானத்தில் கூடிய பிறகு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்துப் பெங்களூரில் நடந்தது. பிரியாவிடைப் பயணங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வாசிப்பவர்கள் வயதானவர்கள். ஏரோஸ்மித் குழு 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரியாவிடைப் பயணம், பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளையில் ஏற்பட்ட காயத்தால் மூன்றே நிகழ்ச்சிகளோடு நின்றது. 2024 ஆகஸ்டில் இனிப் பயணமே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே இரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் தங்குமிடத்தைப் பிடிப்பது புத்திசாலித்தனம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். எட்டு மணி நேரம் கேட்கத்தக்க ஒலியின் எல்லை 85 டெசிபல் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடமே பாதுகாப்பானது. ராக் நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கியின் அருகே அந்த அளவு மிக எளிதாக எட்டப்படும். பஞ்சுபோல அழுத்திச் செருகும் சாதாரண அடைப்பானே போதும்; இசை கேட்காமல் போய்விடாது, கூர்மை மட்டும் குறையும். அவன் மறுப்பான். டிரம்ஸ் வாசிப்பவர்களே காதில் செருகிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கடைசி நிகழ்ச்சியைக் கைப்பேசியில் முழுதாகப் பதிவு செய்துகொள்ளலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: ஒரு பாடலைப் பதிவு செய்யுங்கள். மீதிப் பாடல்களின்போது உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கும் மேடை தெரியட்டும்.

கேள்வி: எனக்கு உயிரான குழு, விடைபெறும் நிகழ்ச்சி எதுவும் நடத்தாமலே முடிந்துபோனது. விடைபெற்றவர்களின் ரசிகர்கள் மேல் எனக்குப் பொறாமை. இதை எப்படித் தாங்குவது? (தோவாளை வாசகி)

பதில்: எந்தக் குழு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் கட்சி பெரிது. பீட்டில்ஸ் குழு கட்டணம் வாங்கி நடத்திய கடைசி நிகழ்ச்சி 1966 ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்தது. பதினொரு பாடல்கள், அரை மணிக்குச் சற்றே அதிகமான நேரம். மைதானத்தில் காலி இருக்கைகள் ஏராளம். இதுவே கடைசி என்று எவரும் மேடையில் அறிவிக்கவில்லை. உள்ளூர அறிந்திருந்த பால் மெக்கார்ட்னி, குழுவின் செய்தித் தொடர்பாளர் டோனி பேரோவிடம் அதைப் பதிவு செய்யச் சொன்னார். பேரோ கையடக்கப் பதிவுக்கருவியைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்தார். நாடாவின் ஒரு பக்கம் அரை மணி நேரமே ஓடும் என்பதால், கடைசிப் பாடலின் நடுவிலேயே அது தீர்ந்துவிட்டது.

லெட் செப்பலின் குழு 1980 ஜூலை 7 அன்று பெர்லினில் வாசித்தபோது, அது ஐரோப்பியப் பயணத்தின் இறுதி இரவு என்று மட்டுமே எல்லாரும் நினைத்தார்கள். செப்டம்பர் 25 அன்று டிரம்ஸ் வாசிப்பவர் ஜான் போனம் இறந்தார். டிசம்பர் 4 அன்று, அவர் இல்லாமல் தொடர இயலாது என்று மற்றவர்கள் அறிக்கை விட்டார்கள். பெர்லினில் இருந்தவர்கள் ஒரு சாதாரண இரவைப் போலவே அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாதியில் எழுந்து போனவர்களும் இருந்திருக்கலாம்.

நான் அவர்கள்மேல்தான் பொறாமைப்படுவேன். "இதுதான் கடைசி" என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒவ்வொரு பாடலையும் கேட்பதற்குப் பதிலாக எண்ணத் தொடங்கிவிடுகிறோம். தெரியாமல் கேட்டவர்கள் இசையை மட்டும் கேட்டார்கள். நீங்கள் உங்கள் குழுவை எப்படிக் கேட்டு வந்தீர்களோ, அதுவும் அப்படிப்பட்டதுதான். தாங்குவதற்கு வழி கேட்டீர்கள். அந்தக் குழுவின் இசைப்பதிவு ஒன்று வெளிவந்த அதே தேதி வரும் நாளில், உங்களைப் போன்ற நான்கு பேரை வீட்டுக்கு அழைத்து முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை பேசாமல் கேட்டுப் பாருங்கள். நால்வர் தோவாளையில் கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் கிடைப்பார்கள்.

கேள்வி: பள்ளி நாட்களில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து தொடங்கிய எங்கள் இசைக்குழு, வேலை காரணமாக ஒருவர் குவைத்துக்கும் இன்னொருவர் சென்னைக்கும் போவதால் நின்றுபோகிறது. பல கானமேளாக்களில் வாசித்திருக்கிறோம். ராக் பாடல்களும் சொந்தப் பாடல்கள் சிலவும் உண்டு. கடைசியாக ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்றிருக்கிறோம். எப்படி அமைப்பது? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: இந்தக் கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு முன்மாதிரிகளைச் சொல்கிறேன்.

தி பேண்ட் என்ற குழு 1976 நவம்பர் 25 அன்று சான்பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் விடைபெற்றது. அமெரிக்காவின் நன்றி கூறும் நாள் அது என்பதால், வந்திருந்த சுமார் ஐயாயிரம் பேருக்கும் முதலில் வான்கோழி விருந்து படைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் யாருக்கெல்லாம் பின்னணி வாசித்தார்களோ, யாரைப் பார்த்துக் கற்றார்களோ, அவர்களையெல்லாம் மேடைக்கு அழைத்தார்கள்: பாப் டிலன் வந்தார், மட்டி வாட்டர்ஸ் வந்தார், ஜோனி மிட்செல் வந்தார். மார்ட்டின் ஸ்கார்செஸி அதைத் திரைப்படமாக எடுத்தார். உங்களுக்கு ஸ்கார்செஸி வேண்டாம். ஆனால் விருந்தும் விருந்தினரும் வேண்டும். உங்களுக்கு முதல் கிதார் பாடம் சொல்லிக்கொடுத்த பாடகர் குழுத் தலைவரை ஒரு பாடலுக்காவது மேடையேற்றுங்கள். அவர் ராக் வாசிக்க மாட்டேன் என்றால், அவருக்குத் தெரிந்த கீர்த்தனைக்கு நீங்கள் வாசியுங்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன ரஷ் குழுவின் 2015-ஆம் ஆண்டுப் பயணம். நாற்பது ஆண்டுப் பாடல்களைப் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் பின்னோக்கி வாசித்தார்கள். ஒவ்வொரு காலமும் முடிய முடிய, மேடைப் பணியாளர்கள் வந்து பின்புல அமைப்புகளையும் ஒலிப்பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டே போனார்கள். இறுதியில் பெரிய மேடை, ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடமாகச் சுருங்கி, நாற்காலிகளின்மேல் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர்களோடு நின்றது. வழக்கமாக நிகழ்ச்சி முடிந்ததும் தம் இடத்திலிருந்தே மறைந்துவிடும் நீல் பியர்ட், லாஸ் ஏஞ்சலிஸில் மட்டும் மேடையின் முன்னால் வந்து இரு நண்பர்களையும் அணைத்துக்கொண்டார்.

பள்ளியில் தொடங்கிய குழுவுக்கு இந்த அமைப்பு பொருத்தமாக இருக்கும், செலவும் குறைவு. சொந்தப் பாடல்களில் தொடங்கி, கானமேளாப் பாடல்கள் வழியாக, ஐவரும் முதன்முதலில் பள்ளி ஆண்டு விழாவில் எதை வாசித்தீர்களோ அதில் முடியுங்கள். அந்த முதல் பாடலை இப்போது நன்றாக வாசிக்க முடியும் என்பதற்காகப் புதிய அலங்காரம் எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குமேல் போக வேண்டாம், ஏனென்றால் அம்மாமார்களும் பாட்டிமார்களும் வருவார்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதியை முன்னதாகவே எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் மாலை ஆறரைக்கே தொடங்கிவிடுவது நல்லது. குவைத்துக்குப் போகிறவரின் பயண நாளைக் கேட்டு, அதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக நாள் குறியுங்கள். கடைசி வாரத்தில் அவர் வீட்டில் உறவினர்கள் கூடிவிடுவார்கள், ஒத்திகைக்கு ஆள் கிடைக்காது. நாளும் இடமும் முடிவானதும் எனக்கும் எழுதுங்கள்.